ஜூன் மழையில் தரம் 3 பிள்ளைகளுக்குக் கடதாசி முகமூடி சரிவருமா?

மஸ்கெலியா · 2024 ஜூன் 9

தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 3 பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்க அதிபர் அனுமதி தந்திருக்கிறார். தொண்டராகத்தான். புதன்கிழமை இரட்டைப் பாடவேளை, 80 நிமிடம். 38 பிள்ளைகள், 11 கத்தரிக்கோல். பலூன் ஊதி அதன்மேல் கடதாசி ஒட்டி முகமூடி செய்ய யோசிக்கிறேன். ஒரு புதன் ஒட்டுவது, அடுத்த புதன் பலூனை உடைத்து வெட்டி வர்ணம் பூசுவது. ஒரு வாரம் காய்ந்தால் போதும்தானே? பசைக்கு பைண்டர் கம் (போத்தலில் வருகிற வெள்ளைப் பசை) நல்லதா, கோதுமை மா நல்லதா?

பசைச்சட்டி · 2024 ஜூன் 9

போதாது தங்கச்சி. உங்கள் பக்கம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் விடாது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது கடதாசியில் இருக்கிற ஈரம் எங்கே போகும்? மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள் அடுக்கு பசையாகவே கிடக்கும். ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும்.

பலூனிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பகலில் ஊதிக் கட்டினது இரவுக் குளிரில் சுருங்கும், காற்றும் மெல்லக் கசியும். ஈரக் கடதாசி பலூனோடு சேர்ந்து உள்ளே இழுபட்டுச் சுருக்கம் விழும். வெயில் ஊரில் எடுத்த வீடியோவில் இது தெரியாது.

முகமூடியை ஜனவரி, பெப்ரவரிக்குத் தள்ளுங்கள். இப்போதைக்கு ஈரமில்லாத வேலை வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கே முடிந்து கொப்பிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய வேலை. மலையில் எந்தக் கைவேலையானாலும் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் அது காய எத்தனை நாள் என்று பாருங்கள். அடுத்த புதன் வரை காத்திருந்து பூஞ்சணம் பிடித்த கடதாசியைக் கையில் வாங்குகிற பிள்ளைக்கு அந்த வேலையே வெறுத்துவிடும்.

கவ்வாத்து · 2024 ஜூன் 10

அக்கா சொன்னது மேற்குச் சரிவுக்குச் சரி. மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன், வட்டவளை எல்லாம் ஒரு கணக்கு. ஊவாப் பக்கம் வேறு கணக்கு. பண்டாரவளை, பசறை, பதுளையில் ஜூன் தொடங்கி ஓகஸ்ட் வரை வறண்ட காற்று வீசும். இதே முகமூடி அங்கே நிழலில் வைத்தாலே மூன்று நாலு நாளில் மொறமொறவென்று காயும். அங்கே ஈரமான காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை, வடகீழ்ப் பருவமழை. ஹப்புத்தளை மாதிரி முகட்டில் இருக்கிற ஊர்களுக்கு இரண்டு பக்கத்து மூடுபனியும் வரும், அங்கே ஆண்டு முழுக்கப் பசையைக் குறைப்பது நல்லது.

பசைச்சட்டி · 2024 ஜூன் 10

கவ்வாத்துத் தம்பி பிரித்துச் சொன்னது நல்லது. பசைக்கு வருகிறேன்.

ஒரு கப் கோதுமை மாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்கவேண்டும். நாலு கப் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கரைத்ததை மெல்ல ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி வரும்போது இறக்கலாம், மூன்று நாலு நிமிடம் பிடிக்கும். ஆறினால் இறுகும். ஆகவே சூட்டில் பார்க்கும்போது கஞ்சி பதத்தில் இருக்கவேண்டும், சூட்டிலேயே தயிர் மாதிரி இருந்தால் ஆறினபின் கரண்டி நிற்கும். 38 பிள்ளைகளின் ஒட்டு வேலைக்கு இது தாராளம். மாவைப் பச்சையாகக் கரைத்துப் பாவிக்காதீர்கள், காய்ந்ததும் வெள்ளையாய்ப் பொருக்கு விட்டு உதிரும்.

கெடாமல் இருக்க உப்புப் போடச் சொல்வார்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் காய்வது இன்னும் தாமதமாகும். அன்றைக்குக் காய்ச்சினதை அன்றைக்கே முடியுங்கள். பழைய புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி வராமல் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் விரல் வைக்கிற பசையில் அது ஒரு துளியும் கூடாது.

பைண்டர் கம் அட்டையை அட்டையோடு ஒட்ட நல்லது. தண்ணீர் ஊற்றிப் பெருக்கினால் பிடிப்புக் குறையும், காயவும் நேரமெடுக்கும். போத்தலை மேசையில் வைக்காமல் ஆளுக்கு ஒரு சோடாப் போத்தல் மூடியில் ஊற்றிக் கொடுங்கள். ஒரு மூடி ஒரு பாடவேளைக்குப் போதும், பூச ஒரு ஐஸ்கிரீம் குச்சி.

மஸ்கெலியா · 2024 ஜூன் 11

நன்றி அக்கா. அப்படியென்றால் இந்தப் புதனுக்கு என்ன கொடுக்கலாம்? 11 கத்தரிக்கோலை 38 பேருக்கு எப்படிப் பகிர்வது?

தரம்மூன்று · 2024 ஜூன் 12

பிள்ளைகளை ஐந்து குழுவாக இருத்துங்கள். குழுவுக்கு இரண்டு கத்தரிக்கோல், மிச்சம் ஒன்று உங்கள் கையில். கொடுக்கும்போது எண்ணுங்கள், வாங்கும்போது எண்ணுங்கள், எண்ணி முடியும்வரை யாரும் எழும்பக்கூடாது. வெட்டுகிற பிள்ளை இருந்துதான் வெட்டவேண்டும்.

வெட்டாமல் கிழிக்கிற வேலையைப் பாதிக்குப் பாதி வையுங்கள். கிழிக்கிறது சின்ன வேலை என்று நினைக்கவேண்டாம். இரண்டு கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கிழிக்கப் பழகின பிள்ளைக்குப் பென்சில் பிடிப்பும் திருந்தும். கடதாசிக்கு நார் ஓடுகிற திசை உண்டு. நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்தால் பெரும்பாலும் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாமல் இரண்டு விதமாகவும் கிழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிஸ்டல் போர்ட் மடிக்கும்போதும் இதே கதை. நாரோடு மடித்தால் வழுக்கிக்கொண்டு மடியும், குறுக்கே மடித்தால் மடிப்பு வெடிக்கும். மடிக்காமல் இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இளகுகிறதோ அதுதான் நாரோடு வளைகிற பக்கம்.

முதல் புதனுக்குக் கடதாசிப் பின்னல் கொடுக்கலாம். பசை ஒரு துளி போதும். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் 21 செ.மீ. நீளமான மடிப்பு வரும். மடிப்பு இருக்கிற பக்கத்திலிருந்து திறந்த பக்கம் நோக்கி, 2 செ.மீ. இடைவெளி விட்டு 9 வெட்டு. ஒவ்வொரு வெட்டும் திறந்த ஓரத்துக்கு 2 செ.மீ. முன்னால் நிற்கவேண்டும். விரித்தால் இரண்டு பக்கமும் சட்டம் நிற்க, நடுவில் 10 கீலம் இருக்கும். வேறு நிறத்து ஏ4 தாளில் 21 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் 14 கீலம் கிடைக்கும். பின்ன 12 போகும், ஆனால் தரம் 3 பிள்ளைகளுக்கு 11 வைத்தால் நெருக்கும்போது கிழியாது. ஒன்றுவிட்டு ஒன்று "மேலே, கீழே" என்று வாயால் சொல்லிக்கொண்டே கோர்க்கட்டும். அடுத்த கீலம் "கீழே"யில் தொடங்கவேண்டும். இரண்டு வரி ஒரே மாதிரிப் போனால் அந்த இடம் வழுக்கி வெளியே வரும், அப்போது பிள்ளையே கண்டுபிடித்துவிடும். நீங்கள் முந்திக்கொண்டு திருத்தவேண்டாம்.

கவ்வாத்து · 2024 ஜூன் 13

பசையில்லாத இன்னொரு வேலை சொல்கிறேன். ரோட்டோரம் மண் வெட்டின சரிவுகளில் ஒரு பன்னம் (பெரணி) வளரும், இலையின் அடிப்பக்கம் வெள்ளையாய்ப் பொடி பூசின மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், புறங்கையில் வைத்து அடித்து அச்சுக் குத்துவார்கள். அதைக் கறுப்பு அல்லது மண்ணிறத் தாளில் வெள்ளைப் பக்கம் கீழே இருக்க வைத்து, மேலே கொப்பி ஒன்றை வைத்து உள்ளங்கையால் ஒரே அழுத்து. இழுக்கக்கூடாது. காம்பைப் பிடித்து நேரே மேலே தூக்கினால் நரம்பு நரம்பாய் வெள்ளை அச்சு விழுந்திருக்கும். வர்ணமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒரு இலை ஒரு நல்ல அச்சுத்தான் தரும், இரண்டாவது மங்கல். ஆகவே ஆளுக்கு மூன்று இலை கணக்குப் பண்ணுங்கள். கை பட்டால் பொடி அழியும், அச்சின்மேல் அகல டேப் ஒட்டினால் நிற்கும். பறிக்கும்போது அடுக்காதீர்கள். ஒன்றின் முதுகில் மற்றதன் பொடி போய்விடும்.

இலையின் மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுக்கிற வேலைக்கு முற்றின தேயிலை இலை நல்லது, ஓரத்துப் பல்லெல்லாம் துல்லியமாக விழும். நரம்பு துருத்தின அடிப்பக்கத்தை மேலே வைத்து, மெல்லிய தாளால் மூடி, மெழுகுக் கலரின் உறையைக் கழற்றிப் படுக்கப்போட்டுத் தேய்க்கவேண்டும். நுனியால் தேய்த்தால் தாள் கிழியும். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சவுக்கு (சில்வர் ஓக்) மர இலையும் அழகாக வரும், அடிப்பக்கம் வெள்ளி மாதிரி இருப்பதால் காய்ந்த இலையைக் கறுப்புத் தாளில் ஒட்டினாலே போதும்.

ஒரு விஷயம் கண்டிப்பு. மருந்து அடித்த மலையிலிருந்து இலை எடுக்கக்கூடாது. களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ எப்போது அடித்தது என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். கேட்க வழியில்லாவிட்டால் பாடசாலை வேலியோரத்துச் செடி போதும்.

பசைச்சட்டி · 2024 ஜூன் 13

மழைக்காலத்தில் பிள்ளைகளை இலை பொறுக்கப் புல்லுக்குள் அனுப்பவேண்டாம். அட்டை கடிக்கும். இலையைப் பெரியவர்கள் கொண்டுவந்து மேசையில் குவித்து, அதிலிருந்து தெரிவுசெய்ய விடுங்கள்.

மஸ்கெலியா · 2024 ஜூன் 20

பின்னல் நடந்தது. சில பிள்ளைகளின் தாள் விரித்ததும் தனித்தனிக் கீலமாக விழுந்துவிட்டது. இடக்கைப் பிள்ளைகள் மூன்று பேருக்குக் கத்தரிக்கோல் வெட்டவே இல்லை, தாள் இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து போகிறது.

தரம்மூன்று · 2024 ஜூன் 20

கீலமாக விழுந்தது திறந்த பக்கத்திலிருந்து வெட்டினதால். கொடுப்பதற்கு முன்னால் மடித்த தாளின் திறந்த பக்கத்தில் 2 செ.மீ. உள்ளே சிவப்புக் கோடு போடச் சொல்லுங்கள், "சிவப்பைத் தொட்டதும் நிறுத்து". அதோடு திறந்த ஓரத்தை ஒரு உடுப்புக் கிளிப்பால் பிடித்துவிட்டால் தப்பான பக்கத்தில் கத்தரிக்கோல் வைக்க இடமே இராது. விழுந்த கீலங்களை எறியவேண்டாம். அடுத்த பிள்ளைக்குப் பின்னுகிற கீலம் அதுதான்.

இடக்கைக்கு: சாதாரணக் கத்தரிக்கோலின் அலகுகள் வலக்கை அழுத்தும்போது ஒன்றோடொன்று நெருங்குகிற விதத்தில் சேர்க்கப்பட்டவை. இடக்கை அதே அழுத்தத்தில் அவற்றை விலக்கும், தாள் நடுவில் மடியும். கத்தரிக்கோலைத் தலைகீழாகத் திருப்பினாலும் மாறாது. இடக்கைக்காரருக்கென்று விற்பதை வாங்கினால்தான் சரியான தீர்வு, குழுவுக்கு ஒன்று இல்லாவிட்டாலும் வகுப்புக்கு இரண்டு வேண்டும். கிடைக்கும்வரை, பெருவிரலை உள்ளங்கைப் பக்கமும் மற்ற விரல்களை வெளிப்பக்கமும் இழுத்து வெட்டக் காட்டுங்கள், அலகுகள் நெருங்கும். சிரமம்தான், ஆனால் வெட்டும். வட்டம் வெட்டும்போது வலக்கைப் பிள்ளை மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகச் சுற்றும், இடக்கைப் பிள்ளை முள்ளோடு சுற்றவேண்டும். அதை மாற்றச் சொல்லி வற்புறுத்தினால் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும். எந்தக் கையானாலும் கத்தரிக்கோல் நேரே நிற்க, தாள்தான் திரும்பவேண்டும்.

இந்தப் பிள்ளைகளை "வேகமில்லை" என்று ஒதுக்கிவிடுவது எனக்குத் தாங்காது. குறை கருவியில்.

பசைச்சட்டி · 2024 ஜூலை 2

வர்ணப் பெட்டி இல்லாத வகுப்புக்கு: பெஸ்டலும் தேத்தண்ணியும்.

எண்ணெய்ப் பெஸ்டலால் அழுத்தி வரையவேண்டும், மேலே தேயிலைச் சாயம் பூசவேண்டும். பெஸ்டல் இருக்கிற இடத்தில் சாயம் பிடிக்காது, மிச்சமெல்லாம் மண்ணிறமாகும். வெள்ளையும் மஞ்சளும்தான் பளிச்சென்று எழும்பும். வெள்ளைத் தாளில் வெள்ளையால் வரைந்தது சாயம் பட்டதும் வெளியே வருவதைப் பார்க்கிற பிள்ளையின் முகத்துக்காகவே இதைச் செய்யலாம். சாயத்துக்கு, டஸ்ட் தூள் இரண்டு மேசைக்கரண்டி, கொதிநீர் ஒரு கப், பத்து நிமிடம் மூடிவைத்து வடித்து நன்றாக ஆறவைக்கவேண்டும். சீனி போட்ட மிச்சத் தேத்தண்ணி வேண்டாம், எறும்பு வரும், தாளும் பிசுபிசுக்கும்.

தாள் சித்திரக் கொப்பித் தாளாவது இருக்கவேண்டும். ஏ4 நெளிந்து சுருளும். ஒரு பூச்சோடு நிறுத்தி நாளிதழால் ஒற்றி எடுத்தால் மழை நாளிலும் பாடசாலை விடுவதற்குள் கொப்பிக்குள் வைக்கிற அளவுக்குக் காயும். குளிர்காலைகளில் பெஸ்டல் விறைத்து நிறம் ஒட்டாது, சும்மா வழுக்கும். வரையத் தொடங்குமுன் பிள்ளைகள் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டிருக்கட்டும்.

கவ்வாத்து · 2024 ஜூலை 3

அதே தேயிலைச் சாயத்தில் கறுப்பும் எடுக்கலாம். பழைய இரும்பு ஆணிகளை வினாகிரியில் நாலைந்து நாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரை வடியுங்கள். தேயிலைச் சாயம் பூசிக் காய்ந்த தாளில் அதைத் தூரிகையால் தொட்டால் அந்த இடம் சாம்பலாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வருகிற நிறம். சாயம் கடுமையாக இருந்தால் கறுப்பும் கடுமை. நாகம் (துத்தநாகம்) பூசின ஆணியில் வராது, துருப்பிடித்த சாதாரண ஆணி வேண்டும்.

தரம்மூன்று · 2024 ஜூலை 4

இதை தரம் 5க்கு வையுங்கள், அதுவும் பெரியவர் கையில் போத்தல் இருக்க. சட்டையில் பட்டால் கறை போகாது. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், ஒரே ஒரு சட்டை இருக்கிற பிள்ளைகளும் இருப்பார்கள். தகப்பனின் பழைய சட்டையை முன்பக்கம் பின்னால் வரும்படி போட்டால் நல்ல மேலங்கி. போத்தலை இறுக மூடி ஊறவைக்கவேண்டாம், வாயு வரும், துணியால் கட்டுங்கள்.

கவ்வாத்து · 2024 ஓகஸ்ட் 18

அட்டைத் தறி. 15 × 10 செ.மீ. தடித்த அட்டை, இரண்டு குறுகிய ஓரத்திலும் 1 செ.மீ.க்கு ஒரு வெட்டாக 9 வெட்டு. ஒற்றை எண் கட்டாயம். நூலை மேலும் கீழும் சுற்றி, கம்பளி நூலால் பின்னலாம். நுவரெலியாப் பக்கம் ஸ்வெட்டர் பின்னுகிற வீடுகளில் துண்டுக் கம்பளி நூல் கேட்டால் தருவார்கள். அட்டை வளைகிற அளவுக்கு நூலை இழுத்துக் கட்டக்கூடாது.

தரம்மூன்று · 2024 ஓகஸ்ட் 19

ஒற்றை எண் கட்டாயமானது வட்டத் தறிக்கு. அங்கே நூல் நிற்காமல் சுற்றிக்கொண்டே போவதால் இரட்டை எண்ணென்றால் இரண்டாம் சுற்று முதல் சுற்றின் மேலேயே விழும், பின்னல் வராது. நீளத் தறியில் ஒவ்வொரு வரியிலும் திரும்பி வருவதால் ஒற்றையானாலும் இரட்டையானாலும் பின்னலாம்.

நீளத் தறியில் எல்லாருக்கும் வருகிற குறை, போகப்போக இடுப்பு ஒடுங்குவது. திரும்பும்போது நூலை இழுத்துவிடுகிறார்கள். நூலை நேராகப் போடாமல் மலை மாதிரி வளைவாகப் போட்டு, பிறகு சீப்பால் கீழே தள்ளச் சொல்லுங்கள். அந்த வளைவில் இருக்கிற கூடுதல் நூல் ஒடுங்காமல் காக்கும்.

மஸ்கெலியா · 2024 செப்டெம்பர் 22

ஒரு கேள்வி. சிறுவர் தினக் கண்காட்சிக்குச் சுவரில் ஒட்ட ஒரே மாதிரி 38 வீடு வெட்டி ஒட்டித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். அச்சு வெட்டிக் கொடுப்பதா?

தரம்மூன்று · 2024 செப்டெம்பர் 22

வீட்டின் உருவத்தை நீங்கள் வெட்டிக் கொடுத்தால் 38ம் உங்கள் வீடு. தாளின் அளவை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், 20 × 15 செ.மீ., ஒரே நிறச் சட்டம். சுவர் ஒழுங்காகத் தெரியும், உள்ளே இருப்பது பிள்ளையுடையதாக இருக்கும். கண்காட்சி கேட்கிறவர்களுக்கும் இது போதும்.

மாதிரியைக் காட்டுவதென்றால் செய்முறையைக் காட்டிவிட்டு மாதிரியை அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். கரும்பலகையில் தொங்கவிட்டால் எல்லாரும் அதையே பார்த்துச் செய்வார்கள். மலையில் பிறந்த பிள்ளைகூட மலை வரையச் சொன்னால் இரண்டு முக்கோணமும் நடுவில் சூரியனும் போடுகிறது. வகுப்பு யன்னலிடம் கூட்டிப்போய்க் கேளுங்கள்: "நிரை எந்தப் பக்கம் வளைந்து போகுது? லயம் (வரிசை வீடுகள்) மேலே இருக்கா கீழேயா? சவுக்கு மரம் எத்தனை தெரியுது?" திரும்பி வந்து நாளிதழைக் கிழித்து ஒட்டும்போது அந்த முக்கோணம் தானாகக் காணாமல் போகும். சரிவைச் சுற்றி வளைகிற தேயிலை நிரைக்குக் கிழித்த கடதாசி ஓரம்தான் பொருத்தம், கத்தரிக்கோல் ஓரம் விறைப்பாக நிற்கும்.

பசைச்சட்டி · 2024 செப்டெம்பர் 24

இன்னொன்றும் சொல்லவேண்டும். உப்பு மாப் பொம்மை, அரிசி ஒட்டுப் படம் இதெல்லாம் தோட்டப் பாடசாலையில் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். பகல் உணவுக்காகவே வருகிற பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இரண்டு கிலோ மாவைப் பிசைந்து எறிவது சரியில்லை. மலை ஈரத்தில் உப்பு மா காயவும் காயாது.

களிமண் இருக்கிறது. ஓடைக் கரையில் ஒட்டுகிற மண்ணை எடுத்து, கல்லும் வேரும் நீக்கி, விரலில் சுருட்டிப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் நல்ல மண். வெடித்தால் மணல் கூட. பொம்மை 1 செ.மீ.க்கு மேல் தடிக்கக்கூடாது, கை கால் ஒட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் குச்சியால் கீறிச் சேற்றுக் குழம்பு தடவிச் சேர்க்கவேண்டும். சும்மா அழுத்தி ஒட்டின கால் காய்ந்ததும் கழன்று விழும். வேகமாகக் காய்ந்தாலும் வெடிக்கும், நாளிதழ் சுற்றி மெல்லக் காயவிடுங்கள். புற்றுமண் வழவழப்பாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். புற்றைத் தொடவேண்டாம். பால் ஊற்றிக் கும்பிடுகிற இடம் அது.

கவ்வாத்து · 2024 ஒக்டோபர் 15

தீபாவளிக்கு யோகட் கப்பில் விளக்குக் கூடு செய்கிறவர்களுக்கு: போஸ்டர் வர்ணம் அந்த வழுவழுப்பில் உருண்டு நிற்கும், காய்ந்தால் உரியும். டிஷ்யூத் தாள் துண்டுகளை பைண்டர் கம்மால் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி மூடுங்கள், அதற்குமேல் எதையும் பூசலாம். கரைப்பான் மணமடிக்கிற பசை சில கப்பை உருக்கிவிடும். உள்ளே மெழுகுதிரி கூடவே கூடாது, பற்றரியில் எரிகிற சின்ன விளக்குத்தான்.

கவ்வாத்து · 2025 ஜனவரி 8

பொங்கலுக்குக் கலர் உப்பில் கோலம் போட நினைப்பவர்கள், பதுளைப் பக்கம் இப்போது வேண்டாம். காற்று ஈரத்தில் உப்பு கசிந்து ஒரு நிறம் மற்றதோடு ஓடும். மரஆலைத் தூளை அரித்து, ஒரு கப்புக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்த சாயம் விட்டுப் பிசிறி, பாடசாலைச் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் நாளிதழில் பரப்பிக் காயவைக்கவேண்டும். சிவப்புக்குச் செங்கல் தூள், மண்ணிறத்துக்குக் காய்ந்த தேயிலைச் சக்கை, சாயமே வேண்டாம். தரம் 1, 2 பிள்ளைகளுக்கு நாலு புள்ளிக் கோலம் போதும். புள்ளியை நீங்கள் சோக்கால் வையுங்கள், கோடு அவர்களுடையது.

மஸ்கெலியா · 2025 பெப்ரவரி 3

இங்கே இப்போது நல்ல வெயில். முகமூடிக்கு முறை சொல்லுங்கள் அக்கா.

பசைச்சட்டி · 2025 பெப்ரவரி 4

பலூன் வேண்டாம். நாளிதழைக் கசக்கி ஒரு அரை மாம்பழம் மாதிரி மேடு செய்து, ஏ4 அளவு அட்டையில் டேப்பால் ஒட்டி, மேலே பழைய சொப்பிங் பையைச் சுற்றுங்கள். முதல் அடுக்கு வெறும் தண்ணீரில் நனைத்த கடதாசி, பசை இல்லை. அதனால்தான் பிறகு முகமூடி அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரும். அதற்குமேல் பசையோடு மூன்று அடுக்கு. கீலம் 2 செ.மீ. அகலம், ஒரு விரல் நீளம். நாளிதழ் ஒரு அடுக்கு, பழைய கொப்பித் தாள் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே மூடவில்லை என்று பிள்ளைக்கே தெரியும். பசையில் தோய்த்த கீலத்தை இரண்டு விரலுக்கிடையில் வழித்துவிட்டு ஒட்டவேண்டும். காயாததற்குப் பாதிக் காரணம் வழிக்காத பசை.

ஒரு புதனில் இரண்டு பசை அடுக்கு, அடுத்த புதனில் மூன்றாவதும் மூக்கு, புருவம் ஒட்டுவதும். காயவைக்க நிழலும் காற்றும் போதும், நேர் வெயிலில் ஓரம் சுருண்டு முகம் கோணும். கண் ஓட்டையைப் பெரியவர் வெட்டவேண்டும். வர்ணத்துக்கு முன்னால் வெள்ளைப் பூச்சு ஒன்று. இல்லாவிட்டால் நாளிதழ் எழுத்துத் தெரியும். பெயரை அட்டையின் பின்னால் முதலிலேயே எழுதச் சொல்லுங்கள், ஈரமான 38 முகமூடியில் யாருடையது எது என்று பிறகு கண்டுபிடிக்க ஏலாது.

மஸ்கெலியா · 2025 ஏப்ரல் 27

வெசாக் கூடு (வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடுகிற கடதாசி விளக்கு) தரம் 4, 5 பிள்ளைகளால் கட்ட முடியுமா? பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளும் சேர்கிறார்கள். தேயிலைச் செடியில் வெட்டிப்போட்ட கவ்வாத்துக் குச்சி நிறையக் கிடக்கிறது.

கவ்வாத்து · 2025 ஏப்ரல் 27

கவ்வாத்துக் குச்சி கோணல், இதற்கு ஆகாது. மூங்கிலைச் சீவி 20 செ.மீ. நீளத்தில் 24 குச்சி எடுங்கள். சீவுவதும் சிலாம்பைத் தேய்ப்பதும் பெரியவர் வேலை. நாலு குச்சியை ஒரு சதுரமாகக் கட்டினால் 6 சதுரம். நாலு சதுரத்தை முனையில் நிறுத்தி, பக்கத்து முனைகளை ஒன்றோடொன்று கட்டி வளையமாக்குங்கள். மேலே நிற்கிற நாலு முனையிலும் ஐந்தாவது சதுரத்தின் மூலைகள், கீழே ஆறாவது. இடையில் 8 முக்கோணம் தானாக விழும். 24 குச்சியும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் கடைசி முனை சேராது. கட்டுமுன் எல்லாவற்றையும் மேசையில் நிறுத்தி அளவு பாருங்கள்.

தரம்மூன்று · 2025 ஏப்ரல் 28

எல்லா முனையும் கட்டினபிறகும் கூடு முறுகிச் சுருங்கும். கட்டினது தப்பு என்று பிள்ளைகள் அவிழ்க்கத் தொடங்குவார்கள், விடாதீர்கள். முக்கோணம் அசையாது, சதுரம் சாயும், அதுதான் காரணம். ஒவ்வொரு சதுரத்திலும் மூலைக்கு மூலை இரண்டு நூல் கட்டுங்கள், இரண்டும் ஒரே நீளம், 28 செ.மீ.க்குச் சற்றுக் கூட. கூடு நிமிர்ந்து நிற்கும். கீழ்ச் சதுரத்தில் மட்டும் பல்ப் வைத்தபிறகு கட்டுங்கள். தமிழ்ப் பிள்ளை ஒன்று, சிங்களப் பிள்ளை ஒன்று என்று சோடியாக இருத்தினால் ஒருவர் முனையைப் பிடிக்க மற்றவர் கட்டலாம், இந்த வேலையைத் தனியாகச் செய்யவும் முடியாது. மொழி தெரியாவிட்டாலும் கை பேசிக்கொள்ளும்.

பசைச்சட்டி · 2025 ஏப்ரல் 28

டிஷ்யூத் தாளைச் சட்டத்தைவிட 1 செ.மீ. பெரிதாக வெட்டுங்கள். பசையைக் குச்சியில் தடவவேண்டும், தாளில் தடவினால் கரைந்து ஓட்டை விழும். முதலில் முக்கோணங்கள், பிறகு சதுரங்கள், கீழ்ச் சதுரம் திறந்தே இருக்கட்டும். வால் ஒட்டுவதை தரம் 1, 2 பிள்ளைகளுக்கு விடுங்கள். 2 செ.மீ. அகலக் கீலம், ஆளுக்கு ஐந்து. அதே கூட்டை நிறம் மாற்றி நத்தாருக்கும் தொங்கவிடலாம், ஆகவே தாளைக் கிழித்துவிட்டுச் சட்டத்தைப் புகைபடாத காய்ந்த இடத்தில் வையுங்கள்.